ஜாவித் பிரித்த பாக்கெட்

கதவைச் சாத்திவிட்டு இப்படிக் கிட்டே வாருங்கள். நம்ம அனஸுக்கு மச்சான் முறை, ஜாவித். அவனுக்கு நடந்தது.

2005. ராத்திரி ஒன்பதே முக்கால். லப்பைக்குடிக்காட்டுக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. ரோட்டில் நாய்கூட இல்லை. ஜாவித்தின் பிரவுசிங் சென்டரில் மட்டும் லைட்.

கம்பியில் போகிற எழுத்தெல்லாம் பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும். அதைப் பிரித்துக் காட்ட ஒரு சாப்ட்வேர் வைத்திருந்தான். நெட் ஏன் அடிக்கடி படுத்துவிடுகிறது என்று பார்க்கப் போட்டது. பிறகென்ன... ஊரார் வீட்டுக் கடிதம் ஜாவித் துரைக்கு ருசித்துவிட்டது. அந்த சாப்ட்வேரில் ஓட்டை இருக்கிறது, ஒரு மாதிரியான பாக்கெட்டைப் படித்தாலே அனுப்பினவன் நம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடுவான், புதுசை இறக்கிக்கொள் என்று அறிவிப்பும் வந்திருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டான்.

அப்படிப் படித்ததில்தான் அது தெரிந்தது. சவூதியில், தம்மாமில் வேலை பார்த்த ஹுமாயூன் மௌத்து. உயிர் போய் நாலு நாள். இங்கே அவன் பெண்டாட்டி சுல்தானாவுக்கு ஏழு மாசம். பிள்ளை பிறக்கிறவரை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று, அங்கேயே இருந்த ஹுமாயூனின் தம்பி ஊரிலிருந்த, தங்களைப் பெத்த அத்தாவுக்கு மெயில் போட்டிருந்தான். சுல்தானா தினமும் சாயங்காலம் வந்து புருஷனோடு சாட் செய்தாள். பதில் தட்டியது அந்தத் தம்பி. அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போவாள்... ஜாவித் வாசல்வரை பின்னால் போய்த் திரும்புவான். சொல்லிவிடலாம். சொன்னால், உங்களுக்கெப்படித் தெரியும் என்பாளே.

அன்று ராத்திரி ஒரு பாக்கெட் வந்தது. அனுப்பியவர் இடம் காலி. பிரித்தான்.

"எல்லாத்தையும் படிச்சிட்டல்ல ஜாவித்து. அவகிட்ட நீயே சொல்லிடு."

குப்பென்று கோடாலித் தைல வாசனை. ஹுமாயூன் ஊருக்கு வரும்போதெல்லாம் பூசிக்கொண்டு திரிகிற தைலம். மௌஸைத் தொடவேயில்லை, திரையில் அம்பு நகர்ந்தது. கேபிளைப் பிடுங்கினான். அதற்குப் பிறகும் எழுத்து வந்தது.

"நீ போறியா... நான் போகட்டுமா?"

செருப்புகூடப் போடாமல் ஓடினான். இருட்டு ரோடு. தைல வாசனை பின்னால் வரவில்லை... முன்னால் போனது.

அவன் தட்டுவதற்குள் சுல்தானாவே கதவைத் திறந்தாள். அழுது ஓய்ந்த கண். கையில், கல்யாணத்தன்று கட்டின கருகமணி அறுந்து கிடந்தது.

"ஒண்ணு... ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்ண்ணே. இப்பத்தான் வந்து சொன்னாரு. நீங்க கம்பியப் புடுங்கிட்டீங்களாம்ல."

அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"உள்ள வாங்க. இன்னும் யார் யார் வூட்டுதெல்லாம் படிச்சீங்கன்னு கேக்கணுமாம்."

உள்ளே இருட்டில், யாரோ தைலப் பாட்டில் மூடியைத் திருகுகிற சத்தம்.