பன்னிரண்டாம் நாள் ரிப்போர்ட்

நான் அவசரக்காரி இல்லை. இட்லித் தட்டைக்கூட ஆவி அடங்கும் முன் திறக்க மாட்டேன். ரத்தப் பரிசோதனை வேலைக்கு இந்தக் குணம் நல்லது. கிழக்கே கோட்டைப் பக்கம் ஒரு சின்ன லேபில் இருபத்தாறு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன்.

உறவு நடந்த மறுநாளே எச்.ஐ.வி. பார்க்க வந்து நிற்பவர்கள் உண்டு. நான் யாரையும் திட்டியதில்லை. மூன்று நாளுக்குள் என்றால் தடுப்பு மருந்து இருக்கிறது, மெடிக்கல் காலேஜுக்குப் போங்கள் என்பேன். அது தாண்டியவர்களிடம், கிருமி உள்ளே வந்தாலும் பரிசோதனையில் தெரிய நாளாகும் என்பேன். இன்றைக்கு 'இல்லை' என்று வந்தால் அதை நம்பிப் போகாதீர்கள். நாற்பத்தைந்தாம் நாள் வாருங்கள், மூன்று மாதம் முடிந்து இன்னொரு தடவை வாருங்கள். அதுவரை யாரோடும் சேராதீர்கள்.

குடும்ப நீதிமன்றத்தில் என் மகன் வழக்கில் வைத்த ரிப்போர்ட்டை எத்தனையோ பேர் பார்த்தார்கள். பரிசோதனைத் தேதிக்கு எத்தனை நாள் முன்பு தொடர்பு நடந்தது என்று கேட்டவர், கோர்ட்டில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலரான நீங்கள் ஒருவர்தான். பன்னிரண்டு நாள்.

கிரீஷ் என் ஒரே மகன். கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் வேலை. ஜானவியோடு நிச்சயமான பிறகு ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போய் வந்தான். வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் வந்து நின்றான்.

"அவ யாருன்னே நேக்குத் தெரியாதும்மா. ஒரே ஒரு தடவைதான்."

அன்று மத்தியானம் லேபில் யாரும் இல்லை. நானே ரத்தம் எடுத்தேன். 'இல்லை' என்று வந்தது.

"கூகிள்ல மூணு மாசம் ஆகணும்னு போட்டிருக்கேம்மா."

"கூகிளாடா இருபத்தாறு வருஷமா ஊசி பிடிக்கறது? போய்க் குளி. மோர்க்குழம்பு ஆறிண்டிருக்கு."

அவன் சிரித்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தான். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை வலி, மார்பில் சிவப்புப் புள்ளிகள். மழையில் நனைந்தாய் என்று சொல்லிப் பாரசிட்டமால் கொடுத்தேன். அந்தக் காய்ச்சல் எதன் முதல் அடையாளமாக இருக்கலாம் என்று எனக்குப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

அப்போதுதான் ஜானவியின் அப்பா சேஷன் கூப்பிட்டார். "மாமி, ஜானவிக்குப் பரீட்சை தள்ளிப் போயிடுத்து. கல்யாணத்தை ஆவணியில வச்சுக்கலாமோ?"

ஆனி முடிந்தால் ஆடி. எங்களில் ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி என்றால் மூன்று மாதமும் முடிந்திருக்கும். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நான் சொல்லிவந்த அந்த மூன்று மாதத்தை, கேட்காமலே ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஆனி தாண்டப்படாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரே மாமா. அவ இங்கேர்ந்து பரீட்சை எழுதட்டும். கரண்டியைத் தொடச் சொல்ல மாட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். நான் எந்த ஜோசியரையும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஜானவி உண்டானாள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் முதல் பரிசோதனையில் அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பிறகு கிரீஷுக்கும் இருப்பது தெரிந்தது. அவள் தன் அம்மாவிடம் போகவில்லை. என்னிடம்தான் வந்தாள்.

"அம்மா, நீங்க இதுலயே இருக்கறவாளாச்சே. நேக்கு இது எங்கேர்ந்தும்மா வந்தது?"

அவளுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தேன். மறுநாள் இரண்டு வீட்டாரும் கூடியிருந்தபோது, பீரோவைத் திறந்து பன்னிரண்டாம் நாள் ரிப்போர்ட்டை நடுவில் வைத்தேன். கிரீஷின் பெயர், கல்யாணத்துக்கு முந்தைய தேதி, 'இல்லை' என்ற முடிவு. ஜானவியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் நாத்தனார்தான் அவளுடைய ஹாஸ்டல் நாட்களைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். கிரீஷும் கேட்டான். நான் சொன்னதை அவன் நம்பியிருந்தான். நம்புவது அவனுக்கும் சுகமாக இருந்தது. சேஷன் ஆட்டோ கொண்டுவந்து மகளை அழைத்துப் போனார். தலை நிமிரவில்லை.

டாக்டரிடம் அந்த ரிப்போர்ட்டை நான் காட்டவில்லை. அவர் நாட்களை எண்ணிப் பார்ப்பார்.

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். யாரும் சாகப்போவதில்லை. மாத்திரை சாப்பிட்டால் இரண்டு பேரும் நீண்ட காலம் இருப்பார்கள். போவது ஒருவருடைய பெயர் மட்டும்தான். அவள் தாங்குவாள் என்று எனக்குத் தோன்றியது. அவன் தாங்க மாட்டான்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, சுகர் பார்க்கிறேன் என்று சொல்லி கிரீஷிடம் மறுபடி ரத்தம் எடுத்தேன். எச்.ஐ.வி. கிட்டில், 'இருக்கிறது' என்று காட்டும் இரண்டாவது கோடு விழுந்தது. வேறு கம்பெனி கிட்டிலும் பார்த்தேன். விழுந்தது. இரண்டையும் கழிவுப் பையில் போட்டேன். கையைக் கழுவிக்கொண்டு, மாலைக்குச் சொல்லப் பூக்கடைக்குப் போனேன். கிரீஷுக்கு இன்றுவரை இது தெரியாது.

ஜானவிக்கு அடுத்த மாதம் பிரசவம். அவள் மாத்திரை சாப்பிடுவதால் குழந்தைக்கு வராமல் காத்துவிடலாம் என்கிறார்கள். ஆனாலும் ஆறாவது வாரத்திலிருந்து ஒன்றரை வயது வரை பல தடவை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். பச்சைக் குழந்தைக்கு எடுப்பது எல்லோருக்கும் கைவராது. நானே வந்து எடுக்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள். நாள் கணக்கில் நான் ஒருபோதும் தவறியதில்லை.