பதினேழு வைக்கோல் போர்

டெலிபோன் அலறியபோது நான் பேனா நிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மை காய்வதற்குள் துடைக்காவிட்டால் நிப்பு பாழாகிவிடும். துடைத்து முடித்த பிறகுதான் எடுத்தேன். தாமதம் என்றால் அது ஒன்றுதான், அதையும் உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

பேசியவர் எஞ்சினீயர் செல்லதுரை. நான்கு நாளாக விடாத மழை. ஆற்றின் ஊர்ப்பக்கத்துக் கரை உடைந்தால் கடைத்தெருவரை வெள்ளம் வந்துவிடும். எதிர்க்கரையை வெட்டிவிட்டால் அந்தப் பக்கத்து நடுத்திட்டு என்ற பள்ளம் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். அந்தப் பள்ளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அந்தப் பகுதிக்கு மேப் போட்டவன் நான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். விமானத்திலிருந்து எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து, ஸ்டீரியோஸ்கோப் என்ற இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தரை எழுந்து நிற்கும். வரப்பு உயரம்கூடத் தெரியும். அதைப் பார்த்து மேப் வரைவேன். அட்டைகளை அடுக்கி ஒட்டி, மேடு பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கும்படி மாடலும் செய்வேன். இருபது வருஷத்தில் ஒரு கோட்டைச் சுரண்டி அழித்தவன் இல்லை.

நடுத்திட்டில் பதினேழு உருண்டைகள் தெரிந்தன. மாசி மாதப் படம், அறுப்பு முடிந்திருந்தது. வைக்கோல் போர் என்று குறித்தேன். மாடலில் மஞ்சள் நூலைச் சுருட்டி ஒட்டினேன். வந்த அதிகாரிகள் எல்லாரும் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார்கள்.

அடுத்த வருஷம், குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்த பிறகுதான் நடுத்திட்டில் தன் நிலத்தில் குடிசை போட்டார்கள் என்றார் மிராசுதார் குஞ்சிதபாதம். என் மேப்பைக் காட்டினார். அதில் குடிசை இல்லை.

ராமாயி என்ற நடவுக்காரப் பெண் மனுவோடு என் ஆபீசுக்கு வந்தாள். நான் கடுமையான ஆள் இல்லை. கண்ணாடி வழியாக அவளையே பார்க்கச் சொன்னேன்.

"ஆத்தாடி, எங்க வீடுங்க. வாசல்ல எருமை நிக்குது பாருங்க."

"அது வைக்கோல் போரும்மா."

"வைக்கோல் போருக்கு வாசல் எதுக்குங்க? எருமை விருந்தாடி வந்துட்டுப் போறதுக்கா?"

அவள் போன பிறகு மறுபடியும் பார்த்தேன். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒற்றையடிப்பாதை போயிற்று. போருக்கு யாரும் தினமும் நடந்து பாதை போடுவதில்லை. ஓரிடத்தில் புடவை காய்ந்தது. அவள் சொன்னது சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் மேப் அச்சாகி மூன்று ஆபீசுக்குப் போய்விட்டது. ஒன்றைத் திருத்தினால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். மனுவில் 'ஆதாரமில்லை' என்று எழுதினேன்.

மனை கிடைக்கவில்லை. போக இடமில்லாமல் அங்கேயே இருந்தார்கள். சந்தையில் என்னைக் கண்டால் ராமாயி விடமாட்டாள். "வைக்கோல் போருக்குள்ள மீன் குழம்பு கொதிக்குது, சாப்பிட வாங்க சார்" என்பாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அதற்காக எனக்கு அவள்மேல் கோபம் கிடையாது.

வெள்ளத்தில் செத்தது பதினோரு பேர் என்கிறீர்கள். ராமாயியும் அதில் உண்டு என்கிறீர்கள். வருத்தம்தான். ஆனால் நான் மண்வெட்டியைத் தொடவில்லை. ஆற்றங்கரைப் பக்கமே போகவில்லை. எஞ்சினீயர் கேட்டது மேப்பைப் பற்றி, நான் சொன்னது மேப்பில் இருப்பதை. பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

அவர் இரண்டு தடவை கேட்டார் என்பது உண்மை.

"ஜனங்க யாரும் இல்லையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன சார் இருக்கு? பதினேழு வைக்கோல் போர். நானே எண்ணினது. வெட்டச் சொல்லுங்க."