ஆடாமலே ஏழாம் இடம்

பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவர் போனைப் பார்த்துக்கொண்டே பாதி பஸ்ஸுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "அக்கா, நம்ம புள்ளைங்க இன்னும் கிரவுண்டுலயே எறங்கல. அதுக்குள்ள ஏழாம் எடத்துக்குப் போயிட்டாங்க."

"ஆடாம எப்படி மாலா தோத்தாங்க?"

"தோக்கலக்கா. ஸ்கூல் ஹொக்கி டீமையெல்லாம் வரிசைப்படுத்தி ஒருத்தன் பேஸ்புக்குல போடுறானே, அதுல. நம்ம மொத மேட்ச் மழையில நடக்காமலே போச்சு. மத்தவங்க ஆடி மேல போயிட்டாங்க."

"அவன் மேட்ச் பாக்க வாறவனா?"

"அவன் கொழும்புல இருக்கான்."

"அப்பறம் என்ன! சீசன் தொடங்குன ஒடனே போடுற வரிசைய யாரு மதிக்கிறா? அதெல்லாம் சும்மா."

"போன வாரம், சீசனுக்கு முன்னாடி அவன் போட்ட வரிசையில நம்ம ஸ்கூல் மொத எடத்துல இருந்தப்ப, காலையில தோட்டத்துல வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல நின்ன எல்லாருக்கும் போனைக் காட்டுனீங்களே. கங்காணியக்கூட விடல."

"அது வேற."

பஸ் ஒரு வளைவு திரும்பியது. பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"மாலா, இந்த ஏழாம் எடத்த எம்மககிட்ட மட்டும் சொல்லிறாத. நாளைக்கு அவதான் கோல் காக்கணும். கேட்டா மனசு ஒடஞ்சு போயிருவா."

"அவதாங்க்கா எனக்கு இத அனுப்புனதே. அம்மா தாங்காது, காட்டிறாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்புனா."