பூசைப் பொட்டும் பின்சக்கர ஹப்பும்

என் பேச்சின் நீளம் அறிந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் மிதிவண்டிக் கழகத் தலைவர் இராமலிங்கம் ஐயா அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் பெரியோர்களே! கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து இந்த வேங்கிக்கால் மண்டபத்துக்கு வந்து, பந்திக்கு முன்பே பேச்சைக் கேட்கத் துணிந்துவிட்ட தாய்மார்களே! கதவோரம் அமர்ந்து, கடைக்குக் கிளம்பும் நேரம் பார்க்கும் சைக்கிள் மெக்கானிக் மணியம்மாள் அவர்களே! என் தம்பி பரசுராமன் பெற்ற மகளே, மாநில அணிக்குத் தேர்வாகியிருக்கும் மலைச்சைக்கிள் வீராங்கனை கவிநிலாவே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சகாதேவனின் தாழ்மையான வணக்கம்.

வந்தவர்கள் எல்லோரும் கவிநிலாவின் காலைப் பாராட்டினீர்கள், கண்ணைப் பாராட்டினீர்கள், கலங்காத துணிவைப் பாராட்டினீர்கள். நான் பாராட்டப் போவது, இதோ மேடையில் நிற்கிறதே இந்த சைக்கிள், இதன் பின்சக்கரத்து நடுவே ஒளிந்திருக்கும் ஒரு பொருளை. தேர்ச் சக்கரத்தில் அதைக் குடம் என்போம், சைக்கிள் கடையில் ஹப் என்பார்கள். ஒரு கைக்குள் அடங்கும் உருளை! ஆனால் ஏறியவரின் எடை எங்கே இறங்குகிறது? அங்கே! மிதித்தவரின் மிடுக்கு எங்கே சேருகிறது? அங்கே! பாறையில் விழுந்த அடி எங்கே போய் முட்டுகிறது? அங்கேதான் ஐயா, அங்கேதான்!

என்னப்பா பின்னால், கேட்கவில்லையா? தம்பி, மைக்கைக் கொஞ்சம் ஏற்று. கேட்கிறதா? நல்லது. கேட்காமலே கைதட்டியவர்களுக்கும் நன்றி.

இந்த ஹப்புக்கு ஒன்பது வயது. செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் தங்கும் வெளிநாட்டாருக்கு வாடகைக்கு விட்ட சைக்கிள் இது. எத்தனை நாட்டுக்காரர்கள், எத்தனை கிரிவலம்! ரிம் இருமுறை வளைந்தது, மாற்றினார் மணியம்மாள். ஸ்போக்ஸ் கம்பிகள் ஒடிந்தன, மாற்றினார். டயரை எண்ணவே வேண்டாம். ஹப்பை மட்டும் மாற்றவில்லை. ஆண்டுக்கொருமுறை பிரித்துத் துடைத்து, கிரீஸ் வைத்து, மூடினார். இந்தச் சைக்கிளைத்தான் என் தம்பி தன் மகளுக்கு வாங்கிக் கொடுத்தான். புதுசாக, பளபளப்பாக ஒன்று வாங்கக் கூடாதா என்று நான் ஏளனம் செய்தேன். வாய் சும்மா இருக்குமா எனக்கு?

விஜயதசமி அன்று காலை ஆறு மணிக்கு ஜவ்வாது மலையில் தேர்வுப் போட்டி. முதல் மூவருக்கே அணியில் இடம். வயது வரம்பின்படி கவிநிலாவுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. இந்த ஆண்டு தவறினால் இனி இல்லை.

முந்தின நாள் ஆயுத பூசை. பூசைக்கு சைக்கிளை நானே தயார் செய்கிறேன் என்று வீராப்பாக எடுத்துச் சென்றேன். என்ன செய்தேன் தெரியுமா? லாரி கழுவும் இடத்தில் பிரஷர் தண்ணீர் பீய்ச்சினேன், நேராக ஹப்பிலேயே! சத்தம் வரக்கூடாதென்று விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை அதற்குள் ஊற்றினேன். ஊற்றிய இடத்திலேயே சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினேன். மாலையில் அந்தப் பெண் ஏறி மிதித்தாள். பெடல் சுற்றியது, செயின் சுற்றியது, சக்கரம் மட்டும் அசையவில்லை!

சிரிக்கிறீர்கள். அன்று எனக்கு உயிரே போய்விட்டது.

மணியம்மாள் கடைக்கு ஓடினோம். அங்கே ஸ்பேனர், சுத்தி, திருப்புளி எல்லாம் பொட்டு வைத்துப் பூசையில் இருக்கின்றன. பூசையில் வைத்த கருவியை மறுநாள் காலை வரை தொடுவதில்லை, அது நம் வழக்கம். மறுநாள் காலையிலோ போட்டி! அப்போதும், பூசைக் கருவியை எடுத்து வழக்கத்தை மீறுவது தகுமா என்று நான் வாய் திறந்தேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏங்க, வெளக்குக்கு ஊத்தற எண்ணெய ஹப்புல ஊத்தினது நீங்க. உங்க பூசையால கெட்டத என் பூசைய கலைச்சுத்தான் சரி பண்ணணும். சாமி கிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க அந்த லைட்ட புடிங்க" என்றார்.

கும்பிட்டார். ஸ்பேனரை எடுத்தார். பிரித்தார். உள்ளே சக்கரத்தைப் பிடித்துத் தள்ளும் சின்னஞ்சிறு பற்கள் சந்தனச் சேற்றில் மடங்கிக் கிடந்தன. மண்ணெண்ணெயில் கழுவி, பேரிங் குண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். ஒன்பது ஆண்டு உழைத்த குண்டுகளில் ஒரு கீறல் உண்டா? இல்லை! குழி உண்டா? இல்லை! என் பக்தியையே தாங்கிய பொருள், ஜவ்வாது மலையையா தாங்காது?

தாங்கியது! பாறையில் குதித்தது, ஓடையில் மூழ்கியது, நாற்பது கிலோமீட்டர் ஏறி இறங்கியது. ஓடையைக் கடக்கும்போது நான்காவதாக இருந்தவள், முடிவுக் கோட்டில் மூன்றாவதாக வந்தாள்.

தலைவரே, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நான் எழுந்ததே இதைச் சொல்லத்தான். அழைப்பிதழில் என்ன அச்சடித்திருக்கிறீர்கள்? 'மிதிவண்டியைச் செம்மை செய்து தந்த பெரியப்பா சகாதேவனுக்குப் பாராட்டு.' அப்படி யார் சொன்னது? கவிநிலா சொன்னாள். போட்டி முடிந்து எல்லோரும் கேட்டபோது, "எங்க பெரிப்பாதான் வண்டிய ரெடி பண்ணிக் குடுத்தாரு" என்றாள். நான் செய்த கூத்தை அவள் அப்பனிடம்கூடச் சொல்லவில்லை. தம்பி பரசுராமா, இப்போதுதான் உனக்கே தெரிகிறது. முறைக்காதே, வீட்டுக்குப் போய்த் திட்டிக்கொள்.

ஹப்புக்கு என்ன பெருமை? பாரத்தையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு வெளியே காட்டாமல் இருப்பது. அந்தப் பெருமை இந்தப் பெண்ணுக்கும் உண்டு. ஒரு வாரமாக என் மானத்தைத் தாங்கிக்கொண்டு திரிந்தாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

மணியம்மாள் அம்மா, மேடைக்கு வாருங்கள். கையில் கிரீஸ் இருந்தால் என்ன, அப்படியே வாருங்கள். எனக்குப் போர்த்திய இந்தப் பொன்னாடை உங்களுடையது. கவிநிலா, பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடு தாயே. மைக்கை ஹப்பின் பக்கத்தில் வைக்கிறேன். கைதட்டாமல் கேளுங்கள்.

கேட்டீர்களா, அந்த டிக் டிக் டிக்? அந்தச் சின்னஞ்சிறு பற்களின் சத்தம் அது, நான் எண்ணெய் ஊற்றி அடக்கப் பார்த்தது அதைத்தான். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். சக்கரம் இன்னும் சுற்றுகிறது. நான் நிறுத்திக்கொள்கிறேன்.