டென்ட்டுக்காக மிளகாய் அரைக்கப் போனவர்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்குப் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"மாசாணியம்மன்கிட்ட நியாயங் கேட்டு இன்னிக்கு மொளகா அரைச்சுப் பூசாம உடமாட்டேன். எடையே இல்லாத டென்ட்டுன்னு உங்கண்ணன் ஓட்டை டென்ட்டைக் குடுத்துப்போட்டான். மலையில ஒரு பொட்டு மழையில்ல, உள்ள படுத்தவன் தொப்பலா நனைஞ்சுபோட்டேன்!"

அநியாயம் செய்தவருக்கு உடம்பு எரியட்டும் என்று வேண்டித்தான் அந்தக் கோயில் கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். ஒரு டென்ட்டுக்கா அம்மனிடம் இப்படி முறையிடுவது என்று எனக்கு மனசு பதறியது.

"ஏனுங்க, காத்துப் போக மேல ஜன்னல் இருக்குமே, தொறந்து உட்டீங்களா?" என்று கேட்டார் மனைவி.

"அந்தக் குளுருல எவன் தொறப்பான்? துண்டை வெச்சு அடைச்சுப்போட்டேன்."

"ஆத்துல குளிச்ச ஈர வேட்டி?"

"உள்ளதான் காயப்போட்டேன்."

அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம். "இட்லிச் சட்டி மூடியில தண்ணி கோத்து நிக்குதே, மூடி ஓட்டைங்களா? நீங்க உட்ட மூச்சும் வேட்டி ஈரமுந்தான் வெளிய போக வழியில்லாம உங்க மேலயே சொட்டியிருக்குது. அதுக்கு எங்கண்ணனையா சொல்லறீங்க? வாங்க, நல்லா அரைங்க. தப்பு யாரு மேலயோ அவங்களுக்குத்தான் எரியும்!"

ஆனைமலையில் இறங்கியதும் அவர் கோயில் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மணி, நீ போயி கும்புட்டுட்டு வா. நான் இந்த டீக்கடையில இருக்கறேன்."