நோயில்லாத மரம்

பலாங்கொடையிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில், சுருண்டு மஞ்சளித்த ஒரு பப்பாசி இலை.

"இது நோயே இல்லியாம்க்கா. பக்கத்துல புல்லு சாக மருந்தடிச்சீங்களான்னு விவசாய ஆபீஸ் மாத்தயா கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு மருந்து டேங்கிய எங்க மரத்தடியிலதான் கழுவுவாரு."

"பக்கத்து வீட்டுச் செல்வி மரத்துலேருந்து தொத்துனதுன்னு சொன்னியே?"

"சொன்னேன். சண்ட போட்டு, காயோட நின்ன அவ மரத்த வெட்ட வச்சேன்."

"இப்ப அவகிட்ட சொல்லிட்டியா?"

"எப்புடிக்கா சொல்றது? அந்தக் காய பழுக்க வச்சு, நேத்து எங்க புள்ளைங்களுக்கும் குடுத்தனுப்பியிருந்தா."

"தின்னீங்களா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்ல இனிப்புக்கா."