முன் இருக்கை

விமானம் ஓட்டுகிறவனுக்கு விடுமுறை கிடைத்தால் என்ன செய்வான் என்று கேட்டீர்கள். விமானம் ஓட்டுவான். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் கம்பெனியின் டகோட்டா விமானத்தில் இருபத்தொரு பேரை ஏற்றிக்கொண்டு சென்னைக்கும் பம்பாய்க்கும் போய்வருவது உத்தியோகம். திறந்த சின்ன விமானத்தில், முகத்தில் காற்று அறைய, நம் ஊர் ஏரியின் மேல் வட்டமடிப்பது வேறு. அதை அனுபவித்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கவும் முடியாது.

அந்த விமானம் எனக்கும் மாதையனுக்கும் பொதுவானது. இருவர் உட்காரலாம், முன்னால் ஒருவர், பின்னால் ஓட்டுகிறவர். யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துப் போட்டவற்றில் ஒன்று. நாங்கள் இருவரும் தருமபுரிக்காரர்கள். பர்மா சண்டையில் ஒன்றாகப் பறந்தோம், ஒன்றாகக் கம்பெனியில் சேர்ந்தோம். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் பெங்களூரிலிருந்து கிளம்பி, முக்கால் மணி நேரத்தில் அதியமான்கோட்டைப் பக்கம் வறண்டு கிடக்கும் ஏரிக்குள் இறங்கிவிடுவோம். நாங்கள் பக்கத்தில் இல்லாதபோது விமானத்தை ஆடுமாடு அண்டாமல் சின்னன் பார்த்துக்கொள்வான். வத்தல்மலையில் சாமை விதைக்கிறவன், மழை பொய்த்ததால் கீழே இறங்கி வந்தவன்.

என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷம் ஐப்பசியில் வலது கண்ணின் நடுவில் ஒரு புகை படிந்தது. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் மறையும். சுற்றியுள்ளது தெரியும். கார்த்திகையில் இடது கண்ணிலும் அதே புகை. சென்னையில் வேறு பெயர் கொடுத்து ஒரு டாக்டரிடம் காட்டினேன். நரம்பு வாடுகிறது, மருந்து இல்லை என்றார். மாதா கோயிலில் முழங்காலில் நின்றேன். கம்பெனிப் பரிசோதனையில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையை ஒருவனிடமிருந்து வாங்கி மனப்பாடம் செய்தேன். டகோட்டாவில் பக்கத்தில் இன்னொரு விமானி உண்டு. இறங்கும் நேரத்தில், "நீ இறக்கு, பழகிக்கொள்" என்பேன். நல்ல மனிதர், வாய்ப்புத் தருகிறார் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

சின்ன விமானத்தில் அப்படி ஒளிய இடமில்லை. தை மாதம் ஒரு ஞாயிறு, மாதையனை முன்னால் உட்கார வைத்து நான் ஓட்டினேன். ஏரிக்கரை எனக்குத் தெரியவில்லை. சக்கரம் கரையில் உரசியது. ஒரு முழம் தாழ்ந்திருந்தால் இருவரும் முடிந்திருப்போம். மாதையன் இறங்கி வந்தான், என் முகத்துக்கு நேரே இரண்டு விரலை நீட்டினான்.

"எத்தினி?"

நான் மூன்று என்றேன்.

அவன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "எத்தினி நாளா இப்பிடி? ஏம்பா, உம் பொறத்தால இருபத்தோரு பேரு உக்காந்து வர்றாங்களே."

மூன்று மாதம் பொறுக்கச் சொன்னேன். சொன்னேன் என்பது சரியல்ல. அவன் காலைப் பிடித்தேன். "தரையில நின்னு செய்யறதுக்கு எனக்கு ஒரு தொழிலும் தெரியாதுரா. என்னைக் கொன்னு போட்டுட்டு அப்புறம் போய்ச் சொல்லு." அவனும் அழுதான். ஆனால் அழுகிறவன் எல்லாம் மனம் மாறுவதில்லை.

"ரெண்டு வாரம் தர்றேன். அதுக்குள்ள நீயே போய் ஆபீஸ்ல சொல்லிரு. இல்லீன்னா நான் சொல்லற மாதிரி ஆயிரும். அதுவரைக்கும் நீ லீவு போட்டுட்டு வூட்ல இரு."

லீவு போட்டேன். இரண்டு வாரமும் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பார்க்கிற இடத்தில் சுவர் இல்லை, புகைதான் இருந்தது. ஒரு மனிதனுக்கு இனி ஒன்றுமே இல்லை என்று தெரிந்த பிறகு அவனுக்கு ஒருவித நிதானம் வருகிறது. அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கெடு முடிய ஒரு நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அதே ஏரியில். விமானத்தைச் சுற்றிவந்து சரிபார்ப்பது அன்று என் முறை. வாலில் ஒரு பலகை உண்டு. மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும் அதுதான். அதை இழுக்கும் கம்பியின் மூட்டு கழலாமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன ஊசி. அதற்குக் கண் வேண்டியதில்லை, விரலே போதும். கழற்றினேன். உடனே ஒன்றும் ஆகாது. மேலே போய் நாலைந்து முறை திரும்பினால் மூட்டு தானாக விட்டுவிடும்.

மாதையனின் மனைவி காவேரி, பென்னாகரத்துப் பெண், எங்கள் இருவருக்கும் பலகாரம் கொண்டுவந்திருந்தாள். கலியாணமாகி ஒரு வருஷம். என்னை அண்ணா என்பாள். விமானம் என்றாலே அவளுக்கு நடுக்கம், ஒருநாளும் ஏறியதில்லை.

மாதையன் என் தோளில் கை போட்டான். "நாளைக்கு நடக்கறது நாளைக்கு. கடைசியா ஒருக்கா ரெண்டு பேருமாப் போயிட்டு வரலாம், வா. நீயே ஓட்டு, நான் முன்னால இருக்கேன், எறங்கறப்ப நான் புடிச்சுக்கறேன்."

தலைவலி என்றேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அதைப் பார்த்துக் காவேரி, "நான் வர்றேன்" என்றாள். அவனைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள். அவன் குழந்தை மாதிரி சிரித்தான். "உங்க ஆத்தா வூட்ட மேல இருந்து காட்டறேன் வா" என்று கூட்டிப்போனான்.

பென்னாகரம் பக்கமாகப் போனார்கள். திரும்பி வரும்போது மணி எட்டிருக்கும். நான் கரையில் நின்றேன். விழுந்தது எனக்குக் கண்ணில் தெரியவில்லை. இன்ஜின் சத்தம் கூர்மையாகி, நின்றது. விழுந்த சோளக்காட்டில் அறுவடை முடிந்த அடித்தாள் மட்டும்தான் இருந்தது, ஆகவே வேறு யாருக்கும் சேதமில்லை.

ஊசி காணவில்லை என்பதை விசாரணையில் கண்டுபிடித்தார்கள். வால் பக்கம் யாரையாவது பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டார்கள். சின்னனைப் பார்த்தேன் என்றேன். அது பொய்யில்லை. ஆடுகளை விரட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். ஆடுகளைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. "ஆட்டத்தான் முடுக்கினேன் சாமி, அதத் தொட்டதே இல்லீங்க" என்று அவன் என்னைப் பார்த்துத்தான் சொன்னான். நீங்கள் சொல்லுங்கள் என்பது போல. ஏதோ இரும்புக்கு ஆசைப்பட்டுக் கழற்றிவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள்.

லீவை ரத்து செய்துகொண்டு வேலைக்குப் போனேன். அதன்பின் நாற்பத்தேழு முறை பயணிகளை ஏற்றிச் சென்றேன். ஒருவருக்குக்கூட ஒரு கீறல் இல்லை. மாதையன் பயந்தது நடக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் பரிசோதனைக்குப் புது டாக்டர் வந்திருந்தார். ஐந்தாவது வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். ஆறாவதையும் படித்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அட்டையை மாற்றிவிட்டோமே, தெரியாதா?" என்றார். லைசென்ஸை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் வந்தது சின்னனுக்காக. அவன் ஐந்து மாதமாகச் சேலம் ஜெயிலில் இருக்கிறான், குற்றமற்றவன். அது என் மனதை எப்போதும் உறுத்திக்கொண்டே இருந்தது. இதற்குமுன் வர நேரம் கிடைக்கவில்லை.

இன்னும் ஒன்று. அவ்வளவு பயந்த பெண் எப்படி ஏறினாள் என்று கேட்டீர்கள். மாதையன் கூட்டிப்போனான் என்று சொன்னேன். அது முழுசும் சரியல்ல. கூட்டிப்போனது அவன். பிறகு அவன் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டான். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் காவேரி முன் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாண்ணா, எறங்கிக்கறேன். எனக்கு என்னமோ பயமா இருக்குது." மாதையனும் இன்ஜினை அணைத்துவிடலாமா என்று சைகை காட்டினான். அணைத்தால் மறுபடி கிளம்புமுன் ஓட்டுகிறவனே ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். அது எங்களுக்குள் வைத்திருந்த கட்டுப்பாடு. அவன் வால் பக்கமும் போவான்.

வேண்டாம் என்று அவனுக்குக் கைகாட்டினேன். "ஒண்ணும் ஆவாதும்மா, நான் பாத்துட்டேன்ல" என்று அவளை உட்கார வைத்தேன். பெல்ட்டை நான்தான் போட்டுவிட்டேன். நன்றாக இறுக்கியே போட்டேன். அந்தப் பெண்ணின் பாதுகாப்பில் நான் குறை வைத்தேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது.